பக்கத்துத் தலையணை

"இந்த முன்னோட்டப் பதிப்பின் காலம் முடியப்போகிறது. விரைவில் உங்கள் கருவி இயங்காது."

நோயாளி படுத்திருக்கிற வீட்டில் இப்படியா எழுதிக் காட்டுவார்கள்? எழுதினவனுக்கு வீடு வாசல் என்று ஒன்றும் கிடையாதா? துளசிமணி எழுத்துக் கூட்டி அதை இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாவது தரம் வாசிக்க மனசு வரவில்லை. கட்டிலின் குறுக்கே வளைந்து நின்ற இரும்புக் கையில் அந்த டேப், சிலேட்டு மாதிரி ஒரு திரை, மாட்டியிருந்தது. அதற்குக் கீழே தலையணையில் அவள் புருஷன் நாச்சிமுத்து விழித்தபடி கிடந்தார்.

"பயப்படாதீங்க. வஹிதாப் புள்ளைக்குப் போன் பண்றேன், வந்து சரி பண்ணிக் குடுத்துரும்" என்று அவரிடம் சொன்னாள். டேப் நின்றால் அவர் பேச்சு நின்றது. மறுபடியும் அவரை ஊமையாகப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

நாச்சிமுத்து போர்வெல் மோட்டார் மெக்கானிக். சூலூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மோட்டார் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பேச்சு அவருக்கு எப்போதும் சிக்கனம்தான். "சாவி எங்க", "சோத்தப் போடு", "காங்கேயத்துல ஒரு மோட்டாரு நின்னுபோச்சு, போயிட்டு வந்தர்றேன்", இவ்வளவுதான் வீட்டில் அவர் பேசுவது. அந்தக் காங்கேயத்து மோட்டார் மாசத்துக்கு ஒரு தரமாவது நின்று தொலைக்கும். "என்ன கெரகம் புடிச்ச மோட்டாரோ, புதுசு வாங்கிப் போடச் சொல்லுங்க அந்தாளை" என்று துளசிமணி திட்டுவாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

போன ஆடியில் ஒரு தோட்டத்தில் குழாய் தூக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். மூளையின் அடித்தண்டில் ரத்தம் அடைத்துக்கொண்டது. கை போச்சு, கால் போச்சு, நாக்கும் போச்சு. "உள்ள நெனவு இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். இமை அடிப்பதை வைத்து ஆமாம், இல்லை என்று கேட்டுப் பார்த்தார்கள். இமை அதன் பாட்டுக்கு அடித்துக்கொண்டதே ஒழிய ஒன்றும் தேறவில்லை.

கார்த்திகையில்தான் வஹிதா வந்தாள். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு வீடு தேடி வந்து உதவுகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிற பெண். கோயம்புத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கி, டேப்பைக் கட்டிலில் மாட்டி, மடிக்கணினியோடு இணைத்து, அன்றைக்குப் பகல் முழுக்க எதையோ ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இதுல என்னம்மிணி போடற, இத்தனை நேரமா?"

"புது ஓ.எஸ். போடறேங்கம்மா, டேப்பையே நடத்தற மென்பொருள் அது. இன்னும் கடைக்கு வராதது. முன்னோட்டம்னு குடுப்பாங்க. பழசுல கண்ணைப் பாத்துத் தமிழ் பேசற வசதி இல்லை, இதுலதான் இருக்கு. ஓ.எஸ். போட்டாச்சு. இப்ப டிரைவர் போடறேன்."

"டிரைவரா? அவரே படுத்துக் கெடக்கறாரு, எந்த வண்டிய ஓட்டறதுக்கு?"

வஹிதா சிரித்துவிட்டாள். "வண்டி ஓட்டற டிரைவர் இல்லைங்கம்மா. மேல இந்தக் கேமரா இருக்குதில்ல, அது பாக்கறது டேப்புக்குப் புரியாது. நடுவுல ஒரு ஆளு நின்னு எடுத்துச் சொல்லோணும். ஐயா கண்ணு எந்த வார்த்தை மேல நிக்குதோ, அதை இந்த டிரைவர் டேப்புக்குச் சொல்லும். டேப்பு வாய்விட்டுப் பேசும். ஆனா இது முன்னோட்டந்தானுங்க, ஒரேயடியா நம்பிராதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எல்லா வீட்டிலும் சொல்லுவாள். எந்த வீட்டிலும் அது யார் காதிலும் ஏறினதில்லை.

நாச்சிமுத்துவின் செல்போனை வாங்கி, அவர் இதுவரை அனுப்பின மெசேஜ் எல்லாவற்றையும் டேப்புக்குள் ஏற்றினாள். அவர் எப்படி எழுதுவார் என்று பார்த்து, அதே மாதிரி நாலு வார்த்தையைத் திரையில் காட்டுமாம். நாலில் ஒன்றைக் கண்ணால் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். "நாங்க எதையும் படிக்கறதில்லைங்கம்மா. அப்படியே உள்ள போயிரும்" என்றாள்.

அப்புறம் திரையில் புள்ளிகள் வந்தன. ஒவ்வொரு மூலையிலும் ஒரு புள்ளி, நடுவில் ஒன்று. வரிசையாக மின்னும்போது நாச்சிமுத்து அதையே பார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் கேமரா அவர் கண்ணைப் பழகிக்கொள்ளும். அவரோ பார்க்கவில்லை. ஒரு கண் சொருகியது, இன்னொன்றில் தண்ணீர் வடிந்தது. வஹிதா திரும்பத் திரும்ப முயன்று பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. பேசுவதற்காக வாசலுக்குப் போனாள்.

குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது தாய்க்காரி தன் வாயையும் சேர்த்துத் திறப்பாளே, அது மாதிரிதான் துளசிமணி செய்தாள். கட்டிலில் சாய்ந்து, பக்கத்துத் தலையணையில் தன் தலையை வைத்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டாள். "இங்க பாருங்க. இந்தப் புள்ளி. நான் பாக்கறேன் பாருங்க, அதே மாதிரி பாருங்க. இப்ப அந்த மூலை." டேப் டிங் என்று ஒரு சத்தம் போட்டது. திரையில் பச்சை வட்டம் வந்தது.

"வஹிதா! பாத்துட்டாரு, பாத்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவர் பேசினார். குரல் இயந்திரத்தின் குரல்தான், வார்த்தை அவர் வார்த்தை. தள்ளி நின்றால் எழுத்துத் தெரியாததால் துளசிமணி அதே தலையணையில் தலை வைத்துத் திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கேள்வியே, "சாப்டியா?"

முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள். அவள் சாப்பிட்டாளா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மனுஷன் கேட்டதில்லை. படுக்கையில் விழுந்து, வாய் போன பிறகு கேட்கிறார்! அவள் அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "சாப்டனுங்க, சாப்டனுங்க" என்று பொய் சொன்னாள். பிறகு எழுந்து போய் நிஜமாகவே சாப்பிட்டாள்.

அதிலிருந்து தினமும் பேச்சுத்தான். "பத்திரமா இரு" என்பார். "ஒடம்பப் பாத்துக்க" என்பார். "காத்து" என்று ஒரு நாள் சொன்னார். பாவம், புழுங்குகிறது போல என்று டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே வைத்தாள். இரவும் பகலும் அது ஓடியது. பக்கத்து வீட்டு ராமாத்தாள் வந்து உட்கார்ந்தால் டேப் வாயைத் திறக்காது. நர்ஸ் வந்தாலும் திறக்காது. "பொண்டாட்டி பக்கத்துல படுத்தாத்தான் பேசுவாராட்டம், வெவரமான ஆளு" என்று ராமாத்தாள் கிண்டல் பண்ணுவாள். துளசிமணிக்கு அந்த வயதிலும் வெட்கம் வந்தது. சொல்லப்போனால், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பாவி, அதற்காக அவள் சாமிக்குக்கூட நன்றி சொன்னாள்.

தை மாதத்தில் மகள் வந்தாள்.

சிந்துஜா ஒரே பெண். ஏழு வருஷத்துக்கு முன்னால் வேற சாதி ஆளுங்க வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு வெள்ளகோவில் பக்கம் குடியேறிவிட்டாள். அந்த வாரம் நாச்சிமுத்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினார்: 'வேண்டாம். அவள் பேச்சே வேண்டாம். இனி இங்கே வர வேண்டாம்.' துளசிமணியும் சும்மா இருக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, "அவ இந்த வாசப்படி மிதிச்சா நான் கெணத்துல உழுந்துருவேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். புருஷன் அவ்வளவு ரோஷமாக இருக்கும்போது தான் மட்டும் இளகி நின்றால் நன்றாயிருக்குமா என்று நினைத்தாள். அதோடு சரி. அந்த வீட்டில் சிந்து என்கிற பேரை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. துளசிமணி தனியாக இருக்கும்போது முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுவாள். புருஷன் காதில் விழாமல் பார்த்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரிக்கே சிந்துஜா வந்தாளாம், சொந்தக்காரர்கள் வாசலோடு திருப்பிவிட்டார்களாம். தையில் நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பையன், நாலு வயது இருக்கும். துளசிமணி அப்போது பக்கத்துத் தலையணையில்தான் படுத்திருந்தாள். மகள் உள்ளே காலை வைக்கிற நேரம் டேப், "சாப்டியா?" என்றது. கதவு நிலையைப் பிடித்தபடி சிந்துஜா அப்படியே உடைந்து அழுதாள். அப்பனை அந்தக் கோலத்தில் பார்த்த அழுகை என்றே துளசிமணி நினைத்தாள்.

"அப்பா, நான் வந்திருக்கனுங்க. உங்க கூடவே இருந்து பாத்துக்கறேன். இருக்கட்டுங்களா?"

துளசிமணி திரையை அண்ணாந்து பார்த்தாள். அவர் என்ன சொல்லப் போகிறாரோ? கோபத்தில் இன்னொரு அடைப்பு வந்துவிட்டால்? திரையில் நாலு வார்த்தை வந்து நின்றது. அவளுக்கு அதில் ஒன்றுதான் கண்ணில் பட்டது.

"வேண்டாம்" என்றது டேப்.

சிந்துஜா நம்பாமல் நின்றாள். "அப்பா?"

"வர வேண்டாம்."

மகள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். துளசிமணி எழுந்து பின்னால் ஓடியிருக்கலாம். "அவரு சொல்லிட்டாரு சாமி, நான் என்ன பண்ணட்டும்" என்று மட்டும் சொன்னாள். பேரன் தோளுக்கு மேலே இருந்து அவளைப் பார்த்துக்கொண்டே போனான். அவன் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை.

டேப்பில் அந்த எச்சரிக்கை வந்த மறுநாளே வஹிதா வந்துவிட்டாள். வெளியே ஆடிக் காற்று ஓலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆகலைங்கம்மா. முன்னோட்டம் முடிஞ்சு முழுப் பதிப்பு வந்திருச்சு. பழசை எடுத்துட்டுப் புதுசு போட்டுட்டாச் சரியாப்போயிரும். நாங்க போற எல்லா வீட்டுலயும் உங்க வீடுதாங்க நல்லாப் பேசுன வீடு. ஐயாவைப் பத்தித்தான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிட்டிருக்கேன்."

துளசிமணிக்குப் பெருமையில் முகம் மலர்ந்தது. வஹிதாவுக்கு டீ போட உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அந்தப் பெண் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு பேய் அறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அம்மிணி?"

"அம்மா, பழசை எடுக்கறதுக்கு முன்னால அது பழகுன கண்ணைப் புதுசு ஒருக்காக் காட்டுமுங்க. சரிதானான்னு கேக்கும்." அவள் மடிக்கணினியைத் திருப்பினாள். "நீங்களே பாருங்க."

ஒரு சின்னப் படம். இரண்டு கண்ணும் புருவமும் மட்டும் தெரிந்தன. நாச்சிமுத்துவின் புருவம் புதர் மாதிரி இருக்கும். இது ஒல்லிப் புருவம். இரண்டு புருவத்துக்கும் நடுவில், துளசிமணி தினமும் குளித்துவிட்டு வைத்துக்கொள்கிற சாந்துப் பொட்டு.

"இது நானு" என்றாள் துளசிமணி. "என்ற கண்ணு எதுக்கு இதுல இருக்குது?"

"அன்னிக்கு நான் போன் பேசப் போனப்ப, நீங்க பக்கத்துல படுத்தீங்களா?"

"அவருக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு... இப்படிப் பாருங்கன்னு..."

"கேமராவுக்கு ரெண்டு ஜோடிக் கண்ணு தெரிஞ்சிருக்குங்கம்மா. ஆடாம அசையாமப் புள்ளியப் பாத்தது உங்க கண்ணு. அதையே எடுத்துக்கிச்சு. அன்னையிலிருந்து அது உங்களைத்தான் பாத்துட்டிருந்திருக்கு."

துளசிமணிக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. விளங்கினபோது கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து புடவையெல்லாம் கொட்டியது. சுட்டது அவளுக்கு உறைக்கவே இல்லை.

"அப்ப பேசினது?"

"வார்த்தையெல்லாம் ஐயாவோடதுதானுங்க, அவரு மெசேஜ்ல இருந்து வந்தது. எந்த வார்த்தைங்கறதை எடுத்தது நீங்க. வேணும்னு எடுக்கலைங்கம்மா. நாலு வார்த்தை வந்தா, எதை எதிர்பாக்கறமோ அதுல கண்ணு ஒரு நொடி தானா நிக்கும். ஆசைப்பட்டாலும் நிக்கும், பயந்தாலும் நிக்கும். அதுக்கு அந்த ஒரு நொடி போதும்." வஹிதா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "அன்னிக்கே இந்தப் படத்தை நான் தொறந்து பாத்திருக்கோணும். பச்சை வட்டம் வந்திருச்சுன்னு போயிட்டேன். எம் புத்தியச் செருப்பால அடிக்கோணும்."

துளசிமணி அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. 'வேண்டாம்' என்கிற அந்த வார்த்தை மேல் தன் கண் போய் நின்றதை அவள் இப்போது நினைத்துப் பார்த்தாள். 'சாப்டியா' மேலும் அதே கண்தான் நின்றிருக்கிறது. இத்தனை மாசமும் அவளேதான் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தாளா?

"அவரு உள்ள இருக்காரா, இல்லையா? அதையாச்சும் சொல்லு அம்மிணி."

"பாக்கலாங்கம்மா. நீங்க மட்டும் இங்க இருக்கக் கூடாது."

துளசிமணி கொல்லைப் பக்கம் போய்த் துவைகல்லில் உட்கார்ந்தாள். காற்றில் கொடித் துணிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அவர் இல்லை என்று அந்தப் பெண் வந்து சொன்னால் தாங்கலாமா, இருக்கிறார் என்று சொன்னால் தாங்கலாமா? இருக்கிறார் என்றால், அவர் பேரில் அவள் பேசினதையெல்லாம் பக்கத்திலேயே படுத்துக் கேட்டுக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்? ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து இயந்திரக் குரல் எழுத்து எழுத்தாகக் கேட்டது.

"கு... ளி... ரு... து."

அவள் எப்படி உள்ளே ஓடினாளோ தெரியாது. வஹிதா அதற்குள் ஃபேனை நிறுத்தியிருந்தாள். "இருக்காருங்கம்மா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். "கண்ணு பக்கவாட்டுல ஓடலை. மேலயும் கீழயும் மட்டும் ஓடுது. அதனாலதான் அன்னிக்குப் புள்ளி புடிபடலை. புதுசுல எழுத்தை ஏணி மாதிரி அடுக்க முடியுது. ஒரு எழுத்துக்கு ரொம்ப நேரம் ஆகுது, ஆனா அவரேதான் பேசறாரு!"

துளசிமணி கம்பளியை இழுத்து அவர் கழுத்து வரைக்கும் போர்த்தினாள். கார்த்திகை, மார்கழி, தை. அத்தனை குளிரிலும் அந்த ஃபேன் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவரிடம் ஒரு வழி இல்லை. சொல்வதற்கென்று வந்த டேப், "காத்து, காத்து" என்று அவர் தலைமாட்டிலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. "மன்னிச்சிருங்க, என்னை மன்னிச்சிருங்க" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, தள்ளி வாங்க. அடுத்தது வருது."

அவர் கண் மேலே போனது, கீழே வந்தது, நின்றது. "சி... ந்... து."

போனை எடுக்கத் துளசிமணிக்குக் கை வரவில்லை. வஹிதாதான் துளசிமணியின் போனில் அழிக்காமல் கிடந்த பழைய நம்பரைத் தேடி வீடியோ அழைப்புப் போட்டாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு சிந்துஜாவின் முகம் தெரிந்தது. துளசிமணி நடந்ததையெல்லாம் சொன்னாள். பொட்டைச் சொன்னாள், தலையணையைச் சொன்னாள், வேண்டாம் என்றது தன் கண்தான் என்று சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சிந்துஜா கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இப்ப அப்பா உன்ற பேரைச் சொன்னாரு சாமி. அவரேதான் சொன்னாரு."

"யாரு கண்ணும்மா?"

"என்ன கண்ணு?"

"இப்ப என் பேரைச் சொன்னது யாரு கண்ணுன்னு கேக்கறேன். அன்னிக்கும் அப்பாதான் சொல்றாருன்னு நீ சொன்ன. நான் நம்பிட்டு, பஸ்ஸுல அத்தனை பேருக்கு முன்னால அழுதுட்டே போனேன். இப்ப அது நானு, இது அவருங்கற. நாளைக்கு மறுபடியும் மாத்திச் சொல்லுவ. எனக்குத் தெம்பில்லைம்மா."

கேட்கக் கூடாததை ஒன்றும் மகள் கேட்டுவிடவில்லை. துளசிமணி சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து, இரண்டு மடிப்பாக மடித்து, தன் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

"வஹிதா, என்னை அவளுக்குக் காட்டு. அப்புறம் டேப்பைக் காட்டு. சிந்து, எனக்குத் தெரியாதது எதையாச்சும் அப்பாகிட்டக் கேளு."

சிந்து போனை வைத்துவிட்டாளோ என்று துளசிமணி பயந்தாள்.

"அப்பா" என்றாள் சிந்துஜா, மெதுவாக. "தருணுக்கு என்னங்கப்பா புடிக்கும்?"

தருண். பேரன் பெயர் தருண்! துளசிமணிக்கு இருட்டுக்குள் அந்தப் பெயர் இனித்தது. அடுத்த நொடியே பகீர் என்றது. இது என்ன கேள்வி? அவர் அந்தப் பையனைப் பார்த்ததே அந்த ஒரு நாள்தானே, அதுவும் போகிற போக்கில்? அவனுக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் மகள் போனை வைத்துவிடுவாளே! கட்டின துணிக்குள் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு சாமியைக் கும்பிட்டாள்.

வெளியே காற்று இரைந்தது. ஃபேன் இல்லாத அறையில் இயந்திரக் குரல் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரு ஆள் மூச்சு வாங்கி நிற்கிற அளவுக்கு இடைவெளி.

"தே... ங்... கா... ப... ன்."

அந்தப் பக்கம் சிந்துஜா கதறினாள். "அப்பா! அப்பா!" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. துளசிமணி கண் கட்டோடு திகைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி சாமி? சரியாச் சொன்னாரா? அவருக்கு எப்படித் தெரியும்?"

"மாசம் ஒருக்கா வருவாரும்மா. காங்கேயம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பேக்கரி இருக்குது. நான் இங்கிருந்து போவேன், அவரு அங்கிருந்து வருவாரு. தருண் பொறக்கறதுக்கு முன்னால இருந்தே. அவனை மடில வெச்சுத் தேங்கா பன் ஊட்டுவாரு." மூக்கை உறிஞ்சினாள். "போன்ல என்னைக் காங்கேயம் மோட்டாருன்னுதான் எழுதி வெச்சிருக்காரு."

கெரகம் புடிச்ச மோட்டார். துளசிமணி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"தெனமும் மெசேஜ் அனுப்புவாரும்மா. 'சாப்டியா'ன்னுதான் ஆரம்பிப்பாரு. 'ஒடம்பப் பாத்துக்க, பத்திரமா இரு'ன்னு முடிப்பாரு. அன்னிக்கு நான் உள்ள வந்தப்ப அந்த டேப்பு 'சாப்டியா'ன்னு கேட்டுச்சு. என்னைத்தான் கேக்கறாருன்னு நெனச்சேன். அதனாலதான் அடுத்து வேண்டாம்னதையும் அவரேதான் சொல்றாருன்னு நம்பிட்டேன்."

துளசிமணிக்கு அப்போதுதான் விளங்கியது. முப்பது வருஷத்துக்கு அப்புறம் கிடைத்தது என்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த வார்த்தை, மகளுக்கு எழுதினது. அதை எடுத்துச் சாப்பிட்டவள் துளசிமணி. மகளுக்கு அவள் எடுத்துக் கொடுத்தது, சொந்தக்காரர்களுக்கு அவர் எழுதின 'வேண்டாம்', ஏழு வருஷத்துப் பழசு. அவள் வாய்விட்டு அழுதாள். துணி நனைந்தது. அவிழ்க்கவில்லை.

"என்கிட்ட ஏன்டி சொல்லலை? ரெண்டு பேரும் என்கிட்ட மட்டும் ஏன் சொல்லலை? நானும் உன்னை நெனச்சு நெனச்சுத்தானடி செத்துட்டிருந்தேன்!"

"சத்தியம் வாங்கிட்டாரும்மா. 'உங்கம்மா தாங்க மாட்டா, அவளுக்குத் தெரியவே கூடாது'ன்னு."

துளசிமணி சுவரைப் பார்த்தபடியே கட்டில் பக்கமாகக் கையை நீட்டித் துழாவி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்னங்க தாங்க மாட்டேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா? சந்தோசமாத் தூக்கிட்டு வந்திருப்பனுங்களே!"

இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்தது. அவருக்குக் கண் சோர்ந்திருக்கும்.

"கெ... ண... று."

வஹிதாவுக்கு அது புரியவில்லை. "கெணறா?" என்று திரையைத் தட்டிப் பார்த்தாள். துளசிமணிக்குப் புரிந்துவிட்டது. கற்பூர வாசனை வந்த மாதிரி இருந்தது. ரோஷக்கார மனுஷனுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று அவள் கத்தின கத்தலை அந்த மனுஷன் ஏழு வருஷமாக நிஜமென்று நம்பியிருக்கிறார். அவள் செத்துவிடக் கூடாது என்பதற்காக மாசாமாசம் இல்லாத மோட்டாரை ரிப்பேர் பண்ணப் போயிருக்கிறார். அவள் அவரை ரோஷக்காரன் என்று நம்பினாள். பாவம், இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே ஆளுக்காக ஒளிந்து ஒளிந்து அழுதிருக்கிறார்கள்.

"அப்பா" என்றது போனில் சிந்துஜாவின் குரல். "நான் வரட்டுங்களா?"

துளசிமணிக்குத் திரும்பிப் பார்க்கச் சொல்லி உடம்பு முழுக்கத் துடித்தது. முந்தானையை இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

"வா."

"வர்றனுங்க. இதா, தருணை இழுத்துட்டு இப்பவே பஸ் ஏறிர்றேன். அம்மா, ஃபேன் போடாத. அவருக்கு ஃபேனே ஆகாது, பேக்கரிலயும் தள்ளித்தான் உக்காருவாரு." போன் வைக்கிற சத்தம் கேட்டது.

அது அவளுக்குத் தெரியாது. அவர் எப்போதும் வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுத்தான் படுப்பார். உள்ளே ஓடுகிற ஃபேனுக்காக என்று தெரியாமல், புழுக்கம் என்று அவள் நினைத்திருந்தாள்.

வஹிதா மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் தோளைத் தொட்டாள். "முடிஞ்சுதுங்கம்மா. கட்டை அவுத்துருங்க. இப்பப் பாக்கலாம்."

துளசிமணியின் கை முடிச்சுக்குப் போனது. அப்போது பின்னாலிருந்து, களைத்துப்போன நிதானத்தில், யாரும் கேட்காமலே அந்தக் குரல் மறுபடியும் ஆரம்பித்தது.

"து... ள..."

அவள் கை அப்படியே நின்றது. திட்டப்போகிறாரோ, வேறென்ன சொல்லப்போகிறாரோ. எந்த எழுத்தின் மேலும் தன் கண் போய்விடக் கூடாது என்று அவள் தலையை இன்னும் சுவர் பக்கமாகவே திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம் அம்மிணி" என்றாள். "அவரு பேசி முடிக்கட்டும்."